‘நைஸ்’ என்றால் ‘நல்ல’ மட்டும்தானா?

ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொன்னால் வாயில் நுழையாத பெரிய பெரிய சொற்களாக வரும் என்று நினைப்போம். வந்து குவிவதென்னவோ சின்னச் சொற்கள்தான். இந்த முறை ‘நைஸ்’. ஆளுக்கொரு கோணத்தில் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன், நான் எழுதியது வார்த்தைக்கு வார்த்தை வரவில்லையே என்று கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ‘நைஸ்’, ‘குட்’ இரண்டுக்கும் அகராதியில் ‘நல்ல’ என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடலாமா?

முடியாது. ‘குட்’ என்பது பொருளின் தரத்தைச் சொல்கிறது. ‘நைஸ்’ என்பது அது உங்களுக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஒரு மருத்துவரைப் பற்றி ‘ஷி இஸ் எ குட் டாக்டர்’ என்றால் அவருக்கு வைத்தியம் தெரியும், நோய் என்னவென்று சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அர்த்தம். ‘ஷி இஸ் எ நைஸ் டாக்டர்’ என்றால் சிரித்த முகமாகப் பேசுவார், நாம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார், எரிந்து விழமாட்டார். நோய் குணமாகுமா என்ற பேச்சே அந்த வாக்கியத்தில் இல்லை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அது நோயாளியின் அதிர்ஷ்டம். கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், ‘குட் நைஃப்’ என்றால் வெட்டும், ‘நைஸ் நைஃப்’ என்றால் கைப்பிடி அழகாக இருக்கிறது, பார்க்க லட்சணமாக இருக்கிறது, அது வெட்டுமா வெட்டாதா என்பது வேறு விஷயம்.

அதனால்தான் அளந்து பார்க்கக்கூடிய சங்கதிகளுக்கு ‘நைஸ்’ ஒட்டாது. தேர்வில் வாங்குவது ‘குட் மார்க்ஸ்’, ‘நைஸ் மார்க்ஸ்’ இல்லை. வழக்கில் காட்டுவது ‘குட் எவிடன்ஸ்’. விடுப்புக்குச் சொல்வது ‘குட் ரீசன்’. யோசனைக்கு இரண்டும் வரும், ஆனால் தொனி மாறும். ‘குட் ஐடியா’ என்றால் செய்துவிடலாம் என்று பொருள், ‘நைஸ் ஐடியா’ என்று இழுத்தால் பின்னாலேயே ஒரு ‘பட்’ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான். ‘குட் மேன்’ என்பது குணத்துக்குக் கொடுக்கும் சான்று. ‘நைஸ் மேன்’ என்பது பழகும் விதத்துக்கு. ஏமாற்றிப் பணம் பறிக்கிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் மகா ‘நைஸ்’ ஆக இருப்பார்கள், இல்லாவிட்டால் யார் ஏமாறுவார்கள்? அவர்களை யாரும் ‘குட்’ என்று சொல்லமாட்டார்கள். இந்த வரிசையில் மூன்றாவதாக ‘கைண்ட்’ இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கனம் அதிகம், அடுத்தவருக்காக ஏதாவது செய்திருக்க வேண்டும் அல்லது செய்யும் மனசாவது இருக்க வேண்டும். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவர் ‘கைண்ட்’. பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் இனிமையாகப் பேசிக்கொண்டு வந்தவர் ‘நைஸ்’.

கேள்வி: நாம் ‘துணி நைசாக இருக்கிறது’, ‘நைசாக நழுவிட்டான்’ என்கிறோமே, அது எந்த நைஸ்? ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் புரியுமா?

புரியாது, அதைவிட மோசம், தப்பாகப் புரியும். நாம் பேசும் ‘நைஸ்’ இன்று ஒரு தனித் தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. அதற்குக் குறைந்தது இரண்டு வேலை. ஒன்று, வழுவழுப்பு அல்லது மென்மை: பலகையை இழைத்து நைசாக்குவது, தூளை நைசாகச் சலிப்பது, நைஸ் துணி. இன்னொன்று, யாருக்கும் தெரியாமல், சாமர்த்தியமாக, கொஞ்சம் கள்ளத்தனமாக: கூட்டத்திலிருந்து நைசாக நழுவுவது, நைசாகப் பேசி விஷயத்தைக் கறப்பது, வேலையை நைசாக அடுத்தவர் தலையில் கட்டுவது. இந்த இரண்டாவது நைஸ் நம் கைவரிசை. வழுவழுப்பாக இருப்பது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்தானே, அந்தப் பக்கமாகவே மனசு போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த இரண்டையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். வழுவழுப்புக்கு ‘ஸ்மூத்’. பொடிக்கும் மணலுக்கும் ‘ஃபைன்’. துணிக்குத் தொட்டால் மெத்தென்று இருந்தால் ‘சாஃப்ட்’, இழை மெல்லியதாக இருந்தால் ‘ஃபைன்’. ‘திஸ் பவுடர் இஸ் வெரி நைஸ்’ என்று நீங்கள் சொன்னால் கேட்பவர், ஓ, உங்களுக்கு இந்தப் பொடி ரொம்பப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார், எவ்வளவு சன்னமாக அரைத்திருக்கிறது என்ற செய்தி போய்ச் சேராது.

நழுவுகிற நைசுக்கு ‘ஸ்லிப் அவே’, ‘ஸ்னீக் அவுட்’ என்று வினைச்சொல்லே தனியாக இருக்கிறது. ‘ஹி நைஸ்லி எஸ்கேப்ட் ஃப்ரம் த மீட்டிங்’ என்று நம் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் இதைக் கேட்டால் ‘அழகாகத் தப்பித்தார்’ என்று பாராட்டுவதாக எடுத்துக்கொள்வார். கொஞ்சம் கிண்டலும் கொஞ்சம் பொறாமையும் கலந்து நாம் சொன்னது அவருக்கு எட்டவே எட்டாது. ‘ஹி ஸ்லிப்ட் அவுட் ஆஃப் த மீட்டிங்’ என்றால் முடிந்தது. நைசாகக் கேட்டுப் பார் என்று சொல்கிறோமே, அதில் மட்டும் ஒரு சலுகை: ‘ஆஸ்க் நைஸ்லி’ என்று ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் அங்கே அதற்கு ‘மரியாதையாக, பணிவாகக் கேள்’ என்று பொருள், குழந்தை அதட்டிக் கேட்டால் அம்மா சொல்வது. நம் ‘நைசாகக் கேள்’ என்பதில் இருக்கும் தந்திரம் அதில் கிடையாது.

கேள்வி: ‘நைஸ்’ என்றால் ஒரு காலத்தில் ‘முட்டாள்’ என்று பொருளாம். வாட்ஸ்ஆப்பில் வந்தது. நம்பலாமா?

வாட்ஸ்ஆப்பில் வருவதில் அபூர்வமாக உண்மையும் இருக்கும். இது உண்மை. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் தெரியாதவன். ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிவது. இந்த ‘ஸ்கீரே’யிலிருந்துதான் ‘சயின்ஸ்’ வந்தது, மனசாட்சியைக் குறிக்கும் ‘கான்ஷன்ஸ்’ கூட அங்கிருந்துதான். ஆக நைசும் சயின்சும் பங்காளிகள், ஒன்று அறிவு, இன்னொன்று அறிவின்மை.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு அறிவில்லாத, அசட்டுத்தனமான என்றே பொருள். அப்புறம் அது போன பாதை விசித்திரமானது. அசடு என்பது தறிகெட்ட, ஆடம்பரமான என்று மாறியது. பிறகு எதற்கெடுத்தாலும் குறை காண்கிற, எளிதில் திருப்திப்படாத ஆள் என்றானது. எதையும் நுணுகிப் பார்க்கிறவன் என்பதிலிருந்து நுணுக்கமான, துல்லியமான என்ற பொருள் பிறந்தது. ‘பிடித்தமான, இனிய’ என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேர் பிடிக்கிறது. சுமார் 450 வருஷத்தில் திட்டு பாராட்டாகிவிட்டது.

நடுவில் வந்த துல்லியம் இன்னும் சாகவில்லை. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஒரு கட்டுரையில் படித்தால் ‘அருமையான வேறுபாடு’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது ‘நுட்பமான வேறுபாடு’. சட்டத்தில் ‘எ நைஸ் பாயிண்ட்’ என்பதும் அப்படியே, மயிரிழையில் தீர்மானிக்க வேண்டிய சிக்கலான கேள்வி. ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல்லும், பன்மையில் ‘நைசிட்டீஸ்’ என்பதும் இந்தக் கிளையில் வந்தவைதான். ‘லீகல் நைசிட்டீஸ்’ என்றால் சட்ட நுணுக்கங்கள், சட்டத்தின் இனிமைகள் அல்ல. நம்முடைய ‘நைஸ் தூள்’, ‘நைஸ் துணி’ எல்லாம் இன்றைய ஆங்கிலத்தைவிட இந்தப் பழைய கிளைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருப்பது ஒரு வேடிக்கை.

இப்படித் தலைகீழாகப் போன சொல் இது ஒன்று மட்டும் இல்லை. அழகுக்குச் சொல்லும் ‘ப்ரிட்டி’ பழைய ஆங்கிலத்தில் தந்திரக்காரனைக் குறித்தது. ‘சில்லி’ எதிர்த்திசையில் போனது, ஆசி பெற்றவன் என்பதில் ஆரம்பித்து அப்பாவியாகி, பரிதாபத்துக்குரியவனாகி, கடைசியில் அசடாகி நின்றது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1274-ஆம் குறளில் மொட்டுக்குள் இருக்கும் ‘நாற்றம்’ வருகிறது, அங்கே அது நறுமணம். இன்றைக்கு ஒருவரிடம் போய் உங்களிடம் நாற்றம் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ‘நைஸ் டு மீட் யூ’, ‘நைஸ் மீட்டிங் யூ’, ‘நைஸ் டு சீ யூ’. எதை எப்போது?

முதல்முறை சந்திக்கும்போது, கை குலுக்கும் அந்த நொடியில், ‘நைஸ் டு மீட் யூ’. பேசி முடித்துக் கிளம்பும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’, அல்லது முழுசாக ‘இட் வாஸ் நைஸ் மீட்டிங் யூ’. ‘மீட்’ என்பது இங்கே அறிமுகத்தைக் குறிப்பதால் ஒருவருக்கு ஒருமுறைதான் செல்லும். இரண்டாவது தடவை பார்க்கும்போது ‘நைஸ் டு சீ யூ’ அல்லது ‘நைஸ் டு சீ யூ அகெய்ன்’.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏற்கெனவே அறிமுகமானவரிடம் மறந்துபோய் ‘நைஸ் டு மீட் யூ’ என்று சொன்னால், போன முறை பார்த்தது எனக்கு நினைவே இல்லை என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஆளைப் பார்த்த நினைவு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ‘நைஸ் டு சீ யூ’ என்று சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் தப்பில்லை. மாதக்கணக்கில் மின்னஞ்சலிலேயே பேசிவிட்டு முதன்முறையாக நேரில் பார்க்கிறீர்களா, ‘நைஸ் டு ஃபைனலி மீட் யூ’ கச்சிதமாக உட்காரும். பதிலுக்கு ‘நைஸ் டு மீட் யூ டூ’ அல்லது சுருக்கமாக ‘யூ டூ’. ‘சேம் டு யூ’ இங்கே பொருந்தாது, அது வாழ்த்துக்குத் திருப்பிச் சொல்லும் வாழ்த்து.

கேள்வி: ‘நைஸ் ஆஃப் யூ’, ‘நைஸ் டு மீ’ இதெல்லாம் குழப்புகிறது. ‘நைஸ் வித் மீ’ சரியா?

‘நைஸ் வித் மீ’ வேண்டாம், மறந்துவிடுங்கள். யாரிடம் நன்றாக நடந்துகொண்டார் என்றால் ‘டு’: ‘ஷி வாஸ் வெரி நைஸ் டு மீ’. யாருடைய நல்ல மனசு என்றால் ‘ஆஃப்’: ‘இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்’. இது கிட்டத்தட்ட ‘உங்களுக்கு நல்ல மனசு, வந்தீங்களே’ என்பதுதான். ‘ஆஃப்’ போட்டால் செய்தவரைப் பாராட்டுகிறீர்கள். ‘ஃபார்’ போட்டால் அது அவருக்குக் கிடைத்த நல்லதைச் சொல்கிறது: ‘தட் வில் பி நைஸ் ஃபார் யுவர் மதர்’, அம்மாவுக்கு அது சந்தோஷமாக இருக்கும். இதையே ஒருவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு ‘வெல், தட்ஸ் நைஸ் ஃபார் யூ’ என்றால் மட்டும் கவனம், ‘உனக்கென்னப்பா, ராஜா’ என்று நாம் சொல்வோமே, அந்த ரகம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, பாடப்புத்தகத்தில் அதிகம் வராது, பேச்சில் எக்கச்சக்கமாக வரும்: ‘நைஸ் அபவுட் இட்’. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் உங்கள் வண்டியை இடித்துவிட்டீர்கள், பின்பக்க விளக்கு உடைந்துவிட்டது. கதவைத் தட்டிச் சொல்லப் போகிறீர்கள், என்ன நடக்குமோ என்று கை நடுங்குகிறது, அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை, உங்களுக்கு அடி ஒன்றும் படவில்லையே?’ என்று கேட்கிறார். இதை அன்று சாயங்காலம் நண்பரிடம் சொல்லும்போது ‘ஹி வாஸ் ரியலி நைஸ் அபவுட் இட்’ என்பீர்கள். கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் கோபப்படாமல், பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார் என்பது அத்தனையும் அந்த ஒரு ‘அபவுட் இட்’டில் அடக்கம். இதைத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: ‘த ரூம் இஸ் நைஸ் அண்ட் வார்ம்’ என்று எழுதினால் அறை நன்றாகவும் இருக்கிறது, கதகதப்பாகவும் இருக்கிறது என்று இரண்டு தகவலா?

ஒரே தகவல்தான். இங்கே ‘நைஸ் அண்ட்’ இரண்டும் சேர்ந்து பின்னால் வரும் சொல்லுக்கு எடுபிடி வேலை பார்க்கிறது. அறை நல்ல கதகதப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘நல்ல கதகதப்பு’, ‘நல்ல உயரம்’, ‘நல்லா தூங்கிட்டேன்’ என்று நாம் ‘நல்ல’வை அழுத்தத்துக்குப் போடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. ‘நைஸ் அண்ட் குவயட்’, ‘நைஸ் அண்ட் ஈசி’, ‘நைஸ் அண்ட் ஸ்லோ’, ‘நைஸ் அண்ட் எர்லி’ என்று வரிசையாக வரும். அழுத்தம் மட்டுமல்ல, அந்த நிலை உங்களுக்கு வேண்டியதுதான் என்ற திருப்தியும் அதில் இருக்கும். அதனால் பிடிக்காத விஷயத்துக்கு இது வராது, ‘நைஸ் அண்ட் நாய்சி’ என்று ஒருவர் சொன்னால் ஒன்று அவர் கிண்டல் செய்கிறார், இல்லை அவருக்கு நிஜமாகவே சத்தம் பிடிக்கும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கும்போது ‘அண்ட்’டைத் தூக்கிவிடுங்கள்: ‘எ நைஸ் வார்ம் ரூம்’. பல பெயரடைகள் அடுத்தடுத்து வந்தால் பொதுவாக நம் அபிப்பிராயத்தைச் சொல்வது முதலில், அளவு, வயது, நிறம் எல்லாம் பின்னால். ஆகவே ‘எ நைஸ் லிட்டில் ஓல்ட் ஹவுஸ்’. ‘எ லிட்டில் ஓல்ட் நைஸ் ஹவுஸ்’ என்றால் இலக்கண நூலை எடுக்காமலே காது சொல்லிவிடும், ஏதோ சரியில்லை என்று.

கேள்வி: இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையை மேலாளருக்கு அனுப்பினேன். பதிலாக ‘நைஸ்.’ என்று ஒரே சொல், ஒரு முற்றுப்புள்ளி. பாராட்டா, குத்தலா?

அந்த முற்றுப்புள்ளிக்காகத்தான் தூக்கம் போயிருக்கிறது என்று தெரிகிறது. அவர் எப்போதும் முற்றுப்புள்ளி வைக்கிற ஆளா என்று பழைய செய்திகளைத் திருப்பிப் பாருங்கள். எப்போதும் வைப்பவர் என்றால் விடுங்கள், பாராட்டுதான், கஞ்சத்தனமான பாராட்டு. வழக்கமாக ஆச்சரியக்குறிகளும் கட்டைவிரல் படமுமாக அள்ளி விடுகிறவர் திடீரென்று இப்படிச் சுருங்கியிருந்தால், அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் கூட்டலை இன்னொரு தடவை சரிபார்ப்பது நல்லது.

பொதுவாகச் சொல்கிறேன், இந்தச் சொல்லைப்போல வஞ்சப் புகழ்ச்சிக்கு வளைந்து கொடுக்கும் சொல் ஆங்கிலத்தில் குறைவு. விசைப்பலகையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டிவிட்டீர்கள், பின்னாலிருந்து ஒருவர் ‘ஓ, நைஸ்’ என்கிறார். ‘நைஸ் கோயிங்’, ‘நைஸ் ஒர்க்’, ‘நைஸ் ஒன்’ மூன்றும் இதே கதிதான். உண்மையாகவே சபாஷ் என்றும் ஆகும், நன்றாகச் செய்தாய் போ என்றும் ஆகும். சூழ்நிலைதான் தீர்ப்புச் சொல்லும். ‘நைஸ் ட்ரை’ கிட்டத்தட்ட எப்போதுமே தோல்வியைத் தொட்டுத்தான் வரும். விளையாட்டில் சக ஆட்டக்காரர் சொன்னால் ஆறுதல், ‘பரவாயில்லை, நல்லாத்தான் அடிச்சே’. நீங்கள் ஒருவரை ஏமாற்றப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னால் ‘நம்மகிட்டயேவா?’ என்று பொருள். இதைப் போய் ‘நல்ல முயற்சி’ என்று மொழிபெயர்க்கிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிரிட்டிஷ்காரர்களோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ‘தட் வாஸ்ன்ட் வெரி நைஸ்’ என்று அவர்கள் மெல்லச் சொன்னால் மெல்லிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘நீ செய்தது கேவலம்’ என்பதைக்கூட இந்த அளவுக்குத்தான் சொல்வார்கள். அதேபோல ‘க்வைட் நைஸ்’ என்று ஒரு அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஒரு ஆங்கிலேயர் சொன்னால் பரவாயில்லை ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ‘ஷி சிங்ஸ் வெரி நைஸ்’ சரியா?

இல்லை. வினையைச் சொல்கிறீர்கள், அதனால் ‘நைஸ்லி’, அதைவிடப் பொருத்தம் ‘வெல்’ அல்லது ‘ப்யூட்டிஃபுலி’. ‘ஷி ஸ்பீக்ஸ் நைஸ் இங்கிலீஷ்’ என்பதற்கும் ‘குட் இங்கிலீஷ்’தான் வழக்கு. ஆனால் பார்க்க, கேட்க, முகர எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது ‘நைஸ்’தான் வரும்: ‘யூ லுக் நைஸ்’, ‘தட் சவுண்ட்ஸ் நைஸ்’, ‘இட் ஸ்மெல்ஸ் நைஸ்’. அங்கே ‘நைஸ்லி’ போடக் கூடாது.

கேள்வி: ‘மோர் நைஸ்’ என்று சொல்லலாமா? அப்புறம், பிரான்சில் உள்ள ஊரின் பெயரும் இதுதானா?

‘நைசர்’, ‘நைசஸ்ட்’. ஓரசைச் சொல்லுக்கு ‘மோர்’ தேவையில்லை.

ஊரின் எழுத்துக்கூட்டு அதே நான்கு எழுத்துதான், முதலெழுத்து பெரியது. உச்சரிப்பு ‘நீஸ்’. கிரேக்கர்கள் வைத்த ‘நிகையா’ என்ற பெயரிலிருந்து வந்தது, வெற்றியைக் குறிக்கும் ‘நிகே’ அதில் இருக்கிறது. நம் சொல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதற்கு நடுவில் அண்ணன் மகளையோ அக்கா மகளையோ குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘நீஸ்’ என்றே ஒலிக்கும், அதில் ‘ஐ’க்குப் பிறகு ஒரு ‘இ’ கூடுதல். அவசரத்தில் அந்த ‘இ’யை விட்டுவிட்டால் ‘மை நீஸ் இஸ் கமிங்’ என்பது ‘மை நைஸ் இஸ் கமிங்’ ஆகிவிடும், பிழை திருத்தும் மென்பொருளும் எழுத்துக்கூட்டு சரிதானே என்று பேசாமல் விட்டுவிடும்.

கேள்வி: என் மகளின் ஆங்கில ஆசிரியை கட்டுரையில் ‘நைஸ்’ வந்தாலே சிவப்பு மையில் அடிக்கிறார். பேசும்போது எல்லோரும் சொல்கிற சொல்தானே?

ஆசிரியைக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டனின் ‘நார்த்தேங்கர் ஆபி’ நாவலிலேயே, கதாநாயகி ஒரு புத்தகத்தை ‘நைஸ்’ என்று சொல்லப்போக, கதாநாயகன் அவளைப் பிடித்துக்கொண்டு கேலி செய்கிறான். இன்றைய பொழுது நைஸ், நடை நைஸ், நீங்கள் நைஸ், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் என்று வாருகிறான். இருநூறு வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது, ‘நைஸ்’ அசையவில்லை.

பேச்சில் அதற்கு இடம் உண்டு, தாராளமாகச் சொல்லட்டும். பேச்சில் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, மிச்சத்தை அவை சொல்லிவிடும். எழுத்தில் அது எதையும் காட்டுவதில்லை. ‘வீ வென்ட் டு எ நைஸ் பார்க்’ என்று மகள் எழுதினால், பூங்காவில் மரங்கள் அடர்ந்திருந்தனவா, கூட்டமில்லாமல் இருந்ததா, ஓடி விளையாட இடம் இருந்ததா? படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது, மகளுக்குப் பிடித்திருந்தது என்பது மட்டும் தெரியும். ‘ஏன் நைஸ்?’ என்று ஒரு கேள்வியை அவளிடம் கேளுங்கள், வருகிற பதில்தான் அங்கே எழுத வேண்டியது. இதற்குப் பதிலாக ‘ஒண்டர்ஃபுல்’, ‘மார்வலஸ்’ என்று பெரிய சொல்லாக மாற்றிப் போடுவது பலர் செய்யும் வேலை, அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதே காலி டப்பாவுக்குப் பளபளப்பான மூடி.

சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரைப் பற்றி ‘ஹி இஸ் எ நைஸ் பர்சன்’ என்று மட்டும் எழுதினால், வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார். பாராட்டியே ஆளைக் கவிழ்த்த கதையாகிவிடும். என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள், ‘நைஸ்’ இல்லாமலே வேலை நடக்கும்.

கேள்வி: லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் ‘நைஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கணினிக்கு எதற்கு இந்தப் பெயர்?

பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் அதன் ‘நைஸ்னெஸ்’. மைனஸ் 20 முதல் 19 வரை போகும். எண் ஏற ஏற அந்த நிரல் ‘நீங்க முதல்ல போங்க’ என்று ஒதுங்கி நிற்கும், ஆகவே அதற்குக் கிடைக்கும் முன்னுரிமை குறையும். மைனஸ் பக்கம் போகப் போக முண்டியடிக்கும். எண் எதுவும் கொடுக்காமல் அந்தக் கட்டளையைப் போட்டால் 10 கூட்டிக்கொள்ளும். சாதாரணப் பயனர் தன் நிரலை இன்னும் நல்ல பிள்ளையாக்கத்தான் முடியும். முண்டியடிக்க வைக்க வேண்டுமென்றால் பொதுவாக ‘ரூட்’ அதிகாரம், அதாவது கணினியின் முழு நிர்வாகிக்கு உள்ள அதிகாரம் வேண்டும்.